மகளின் படிப்புக்கு நான் போட்ட ஷிப்ட் கணக்கு

பனியன் கம்பெனியில் கூலிப் பட்டியல் எழுதுவது என் வேலை. பி.காம். முடித்துக் கல்யாணமாகிக் குண்டடத்திலிருந்து திருப்பூருக்கு வந்த இரண்டாம் வருடம் சேர்ந்தேன். அதே கம்பெனி, அதே மேஜை. முன்பு பேரேடு இருந்த இடத்தில் பிற்பாடு கம்ப்யூட்டர் வந்தது, அவ்வளவுதான்.

இந்த ஊரில் நேரத்தை மணியில் சொல்வதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே வந்து மாலை ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. அவசர ஆர்டருக்கு நள்ளிரவு ஒரு மணி வரை ஓட்டினால் இரண்டு. வாரம் முழுக்க எத்தனை ஷிப்ட் சேர்ந்ததோ அதை அவரவர் ரேட்டால் பெருக்கினால் சனிக்கிழமைக் கூலி. டெய்லர், செக்கிங், பேக்கிங் என்று நின்றும் குனிந்தும் வேலை செய்கிற எல்லாருக்கும் இதுதான் முறை. ஆபீசில் உட்கார்ந்திருக்கிற எங்களைப் போன்ற ஆறேழு பேருக்கு மட்டும் மாதச் சம்பளம். இருபது வருடமாக இதையே எழுதி எழுதி, யாராவது 'பன்னிரண்டு மணி நேர வேலை' என்று சொன்னால் என் மனம் தானாக ஒன்றரையால் பெருக்கிவிடும்.

என் மகள் பிளஸ் டூ முடித்ததும் ஓட்டல் நிர்வாகம் படிக்க வேண்டும் என்றாள். அந்த வருடம் அவளோடு படித்த பாதிப் பெண்கள் இங்கேயே பேஷன் டிசைன் படிப்பில் சேர்ந்தார்கள். இவளையும் அதில் சேர்த்தால் எங்கள் கம்பெனியிலேயே சேம்பிள் பிரிவில் நுழைத்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன்.

"பொறந்ததுல இருந்து துணியத்தானுங்கம்மா பாக்கறேன். ஊட்டுக்கு வாரவங்க கூட சட்டையத் தொட்டுப் பாத்து துணி கனம் எத்தன ஜிஎஸ்எம்முனு சொல்றாங்க. நான் மனுசனப் பாக்கற வேலைக்குப் போறேன்" என்றாள்.

என் கணவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் சிரித்தார். "சோறு வடிக்க ஒரு மணி நேரம். அதுக்கு மூணு வருசப் படிப்பா?"

"நீங்க துணி வெட்டறதுக்கு முப்பது வருசமாச்சுங்கப்பா. இன்னமும் ஓரத்துல துணி வேஸ்ட் ஆகுதுன்னு மொதலாளி திட்டறாராம்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதோடு அவர் பக்கத்து எதிர்ப்பு முடிந்துபோனது.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரி. மூவரும் போனோம். சேர்க்கைக்குப் பொறுப்பாக இருந்தவர் டை கட்டிய இளைஞர். கட்டணம் வருடத்துக்கு அறுபத்தைந்தாயிரம் என்றார். கோட்டு, கத்தி செட், புத்தகம், பயிற்சிக்குப் போகிற செலவு எல்லாம் தனி. நான் கொண்டுபோயிருந்த தாளில் கூட்டிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. ராயபுரத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் அப்படி ஒரு தொகை ஒரே சமயத்தில் இருந்ததே இல்லை. கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும். ஆகவே எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: படித்து முடித்தால் அவள் சம்பளம் அந்தக் கடனைத் தாங்குமா.

"ஆரம்பத்துல ஆறாயிரம் வரும்ங்க. ஓட்டல்லயே சாப்பாடு, தங்க இடம்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒன்னு, இப்பவே சொல்லிடறேன். டியூட்டி பல நாள் பன்னண்டு மணி நேரம் போகும். அப்புறம் கஷ்டம்னு சொல்லக் கூடாது" என்றார்.

அவர் எங்களை எச்சரித்தார். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவர் முகத்திலும் ஒரே மலர்ச்சி. பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒன்றரை. ஆறாயிரம் ஒன்பதாயிரமாகிவிட்டது. சாப்பாடும் இடமும் ஓட்டலில் என்றால் கைச்செலவு போக அத்தனையும் மிச்சம்.

"தெனமும் பன்னண்டு மணி நேரம் இருக்குங்களா?" என்று என் கணவர் கேட்டார். சில நாள்தான் இருக்குமோ என்ற கவலை அவருக்கு.

"அநேகமா தினமும்தாங்க" என்றார் அந்த இளைஞர், வருத்தத்தோடு.

"பரவாயில்லீங்க. எங்களுக்குப் பழக்கந்தான்."

வங்கியில் கடன் விண்ணப்பத்தோடு ஒரு தாளை நானாகவே எழுதி வைத்தேன். வருங்கால வருமானம் மாதம் ஒன்பதாயிரம், தவணை உத்தேசமாக ஆறாயிரத்துச் சொச்சம், மீதி மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடிக்கோடு போட்டு, அளவுகோல் வைத்து எழுதியிருந்தேன். மேலாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

"ஆறாயிரம்னு காலேஜ்ல குடுத்திருக்காங்க. நீங்க ஒன்பதுன்னு போட்டிருக்கீங்களே?"

"பன்னண்டு மணி நேரம்ங்க சார். ஒன்னரை ஷிப்ட்."

"ஓ, இங்க எல்லாத்துக்கும் அப்படித்தானா?"

"ஆமாங்க. எல்லாத்துக்கும்."

அவர் தலையாட்டிவிட்டு அந்தத் தாளையும் சேர்த்துக் குத்தினார். இந்த ஊரில் அவர் பார்த்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். கடன் கிடைத்தது. மகள் கடன்தாரர், நான் இணைக் கடன்தாரர். கடனை வருடா வருடம் கல்லூரிக்கே அனுப்புவதாக ஏற்பாடு.

மூன்று வருடமும் காலை ஆறு மணி பஸ்ஸில் கோயம்புத்தூர் போய் வந்தாள். இரண்டாம் வருடம் ஆறு மாதம் பெங்களூரில் ஒரு ஓட்டலில் பயிற்சி. மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். போனில் பேசும்போதெல்லாம் காலையில் போனால் ராத்திரிதான் வருவதாகச் சொன்னாள். அதற்கு ஏன் தனியாகப் பணமில்லை என்று நான் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியிலும் தையல் பழகுகிறவர்களுக்கு முழு ஷிப்ட் போடுவதில்லை. பழகுகிறவளுக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

படிப்பு முடிகிற சமயம் சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தது. வரவேற்புப் பிரிவில் இவளுக்கு இடம் கிடைத்தது. சம்பளம் ஆறாயிரம். நான் அன்றே பழைய கணக்கைப் புதுத் தாளில் எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் அதை நேரம் எடுத்துப் படித்தாள்.

"செரியா இருக்கா கண்ணு?"

"கையெழுத்து அழகா இருக்குதுங்கம்மா" என்றாள்.

மூன்று மாதம் கழித்து முதல் லீவுக்கு வந்தபோது சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தாள். நான்தான் கேட்டிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம், படி, பிஎஃப் பிடித்தம், விடுதிப் பிடித்தம். கைக்கு ஐயாயிரத்து முந்நூறு. வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. பின்பக்கம் இருக்குமோ என்று திருப்பினேன். வெள்ளையாக இருந்தது.

"ஓவர்டைம் எங்க போட்டிருக்காங்க?"

"ஓவர்டைமெல்லாம் கெடையாதுங்கம்மா."

"காலையில ஏழு மணிக்குப் போறே. ராத்திரி ஏழு மணிக்கு வாரே."

"ஆமாங்க."

"அப்ப அரை ஷிப்ட்?"

அவள் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். என் கணவர் கை கழுவப் போனவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஓட்டல்ல ஷிப்டுனா வேறங்கம்மா. எந்த நேரத்துக்கு வரணும்ங்கறதுதான் ஷிப்ட். எப்பப் போறதுங்கறது கெஸ்ட்டப் பொறுத்துது. மாசச் சம்பளந்தான்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"பெங்களூர்லயே தெரியும்."

மூன்றாம் வருடக் கட்டணத்துக்கு வங்கி பணம் அனுப்பியது அதற்குப் பிறகுதான். நான் புதுத் தாளில் எழுதிக் காட்டியதும் அதற்குப் பிறகுதான். அதை அவளிடம் சொன்னேன். கத்தவில்லை. என் குரல் எனக்கே சம்பளப் பட்டியல் வாசிப்பதுபோலக் கேட்டது.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நிறுத்தியிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லலீங்க."

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். "நீங்க சனிக்கிழமை கூலி போட்டுட்டு ராத்திரி பத்து மணிக்கு ஊட்டுக்கு வாரீங்க. ஊருக்கே ஒன்னரை, ரெண்டுன்னு எழுதறீங்க. உங்களுக்கு யாருங்கம்மா எழுதறாங்க?"

"நான் ஸ்டாஃப். உக்காந்து பாக்கற வேல."

"நானும் ஸ்டாஃப்தானுங்க. நின்னு பாக்கறேன்."

என் கணவர் உள்ளே வந்து, "ரெண்டு பேரும் தின்னு முடிங்க" என்றார்.

திங்கட்கிழமை கம்பெனியில் ஒரு துண்டுத்தாளில் வகுத்துப் பார்த்தேன். மாதம் இருபத்தாறு நாள், நாளுக்கு ஒன்றரை. முப்பத்தொன்பது ஷிப்ட். ஐயாயிரத்து முந்நூறை வகுத்தால் ஒரு ஷிப்டுக்கு நூற்று முப்பத்தாறு ரூபாய்க்குச் சில காசு குறைவு. எங்கள் கம்பெனி ரேட்டில் டெய்லருக்குக் கீழே, செக்கிங்குக்கு மேலே. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் செலவழித்து நான் அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

லைன் சூப்பர்வைசர் தூத்துக்குடிக்காரர், வாய்த்துடுக்கானவர். அவர் வருகைப் பதிவைக் கொடுக்க வந்தவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"யாரு ரேட்டுக்கா இது, நூத்தி முப்பத்தாறு? நம்ம லைன்ல அப்படி ரேட்டே கெடையாதுல்லா."

"என்ற புள்ளையோடதுங்க."

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். "ஓட்டல்லயா? கோட்டெல்லாம் போட்டு நிக்குத போட்டோ காமிச்சியளே." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "கோட்டு ஓட்டல்காரன் குடுத்ததுதான? அதையும் கூட்டிக்கிடுங்க" என்றார்.

அதே மாதங்களில் டாலர் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரின் ஏற்றுமதிப் பணமெல்லாம் டாலரில்தான் வரும். ஊரில் எல்லாரும் காலையில் செய்தித்தாளில் அந்த எண்ணைத்தான் முதலில் பார்த்தோம். ஆர்டர் குறைந்தது. ஐந்தரைக்கே மெஷின்களை நிறுத்தினார்கள். என் கணவருக்கு வாரம் ஒன்பது ஷிப்ட் வந்துகொண்டிருந்த இடத்தில் ஆறு வந்தது. ஓட்டலில் மகளுக்கு இல்லாத அந்த அரை ஷிப்ட் இப்போது எங்கள் வீட்டிலும் போயிற்று. வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வட்டியும் சேர்ந்து இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம், ஐந்து வருடம், மாதம் ஆறாயிரத்து முந்நூற்று எண்பது. அவள் கையில் வாங்குவதைவிட ஆயிரம் ரூபாய் கூடுதல். அவளுக்குச் சோப்பு, பஸ், செருப்பு எதற்கும் ஒரு ரூபாய் வைக்காமலே.

அந்தக் கடிதத்தை நான் மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

முதலாளி கடன் விஷயத்தை எப்படியோ தெரிந்துகொண்டார். வெளி மாவட்டத்துப் பெண்களுக்காகக் கம்பெனி பின்னால் விடுதி கட்டி முடித்திருந்தார். நூற்றிருபது பேருக்குச் சமையல், அறை, சுத்தம் எல்லாம் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மிணி, உங்க புள்ள இதுக்குத்தான படிச்சிருக்குது? இங்க வரச் சொல்லுங்க. ஷிப்டுக்கு எரநூறு போட்டுக்கங்க. ஒன்னரை வரும்."

என் இருக்கைக்குப் போகும் முன்பே பெருக்கிவிட்டேன். ஏழாயிரத்து எண்ணூறு. வீட்டிலிருந்தே போய் வரலாம். தவணை கட்டி ஆயிரத்து நானூறு மிஞ்சும். நேரில் பேசிக் கூட்டிவருவதென்று முடிவு செய்து சென்னைக்கு ரயில் ஏறினேன்.

அந்த ஓட்டலுக்குள் காவலாளி கதவைத் திறந்துவிட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. மகள் மேஜைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"வணக்கம் மேடம். உக்காருங்க. தண்ணீர் கொண்டுவரச் சொல்லட்டுங்களா?" என்றாள். வாயோரத்தில் மட்டும் சிரிப்பு.

"கொண்டுவரச் சொல்லுங்க" என்றேன்.

நான் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு முறையும் உட்காரவில்லை. அந்த மேஜைக்குப் பின்னால் நாற்காலியே இல்லை. நடுவில் ஒருவர் பில்லைக் கையில் கசக்கிக்கொண்டு வந்து இந்தியில் சத்தம் போட்டார். அவள் அவரை முழுக்கப் பேசவிட்டாள். பிறகு பில்லை வாங்கி மேஜையில் வைத்து இரண்டு கையாலும் நீவிச் சுருக்கம் எடுத்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து அவரோடு சேர்ந்து படித்தாள். இரண்டு வரியை அடித்தாள். மற்றதற்கு அவர் பணம் கொடுத்தார். போகும்போது அவளிடம் ஊர் எது என்று கேட்டார். அவள் திருப்பூர் என்றாள். அவர் தன் சட்டையைக் காட்டி ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். பள்ளியில் அவள் இந்தி படிக்கவில்லை. பெங்களூரில் நின்றுகொண்டே பழகியதாயிருக்க வேண்டும்.

நான் இருபது வருடமாகச் சூப்பர்வைசர்களைப் பார்க்கிறேன். சத்தம் போடுகிறவரிடம் சத்தம் போடாமல் இருக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

வேலை முடிந்து வெளியே வந்ததும் முதலாளி சொன்னதைச் சொன்னேன். இருநூறு, ஒன்றரை, ஏழாயிரத்து எண்ணூறு.

"நல்ல காசுதானுங்க" என்றாள். "ரெண்டு வருசம் கழிச்சு?"

"அதே ரேட்டுதான். கூட்டினா இருபது ரூவா கூட்டுவாங்க."

"இங்க ரெண்டு வருசத்துல டியூட்டி மேனேஜரா ஆகலாமுங்க. ஆகாமயும் போலாம்." செருப்பைக் கழற்றி நடைபாதையில் கால் விரல்களை விரித்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. "நான் வரலீங்கம்மா. நீங்க கட்டுன்னு சொன்னா முழுச் சம்பளத்தையும் அனுப்பிடறேன். ஆனா வரலீங்க."

அவளைத் திருத்த என்னிடம் எந்த எண்ணும் இல்லை. ஏற்கெனவே ஒரு எண்ணை உறுதியாகச் சொல்லி இந்த இடத்துக்குக் கொண்டுவந்தவள் நான்.

திரும்பி வந்து வங்கிக்குப் போனேன். பழைய மேலாளர் மாற்றலாகிவிட்டார். புதியவர் ஒரு பெண். தவணைக் காலத்தை ஏழு வருடமாக நீட்டித் தரக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், 'வருமானத்தை நான் தவறாகக் கணக்கிட்டுவிட்டேன்' என்று எழுதியிருந்தேன். அவர் கோப்பைப் புரட்டி என் பழைய தாளை எடுத்தார். அளவுகோல் வைத்துப் போட்ட கோட்டையும் ஒன்பதாயிரத்தையும் பார்த்தார்.

"இப்படி எழுதாதீங்கம்மா. 'சம்பளம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு'ன்னு எழுதுங்க. அது போதும்."

"கொறையலீங்க. ஆறாயிரம்னு சொன்னாங்க, ஆறாயிரந்தான் குடுக்கறாங்க. கூட்டுனது நானுங்க."

"மேல ஆபீஸ்ல படிக்கறவங்களுக்கு அதெல்லாம் புரியாது" என்று இன்னொரு தாளைக் கொடுத்தார். அவர் சொன்னபடி எழுதினேன்.

இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் மகள் ஒரு புதன்கிழமை வந்தாள். அவளுக்கு வார விடுமுறை அன்றுதான். மேலாளர் நாற்காலியைக் காட்டியும் நின்றுகொண்டே இருந்தாள், பிறகு நினைவு வந்ததுபோல உட்கார்ந்தாள்.

"ஏழு வருஷம்மா. இந்த வேலையிலயே இருப்பியா?"

"இருக்கப் பாக்கறேனுங்க மேடம்."

"இருப்பேன்னு சொல்லு. உங்கம்மா பக்கத்துல உக்காந்திருக்காங்க."

"தெரியாததச் சொல்லக் கூடாதுங்க" என்றாள் என் மகள். அது யாருக்கான பதில் என்று எனக்குத் தெரிந்தது. மேலாளர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். தவணை ஐயாயிரத்து நாற்பதாகக் குறைந்தது. அவள் மூவாயிரம் அனுப்புவது, மீதியை நானும் அவள் அப்பாவும் போடுவது என்று வங்கி வாசலிலேயே பேசிக்கொண்டோம்.

பதினோரு தவணை முடிந்திருக்கிறது. அதில் இரண்டு மாதம் அவளால் அனுப்ப முடியவில்லை. ஒரு மாதம் காய்ச்சல், ஒரு மாதம் விடுதி மாற்றம். இந்த வருடம் சம்பளத்தில் எழுநூறு ரூபாய் கூட்டியிருக்கிறார்கள். முதலாளியின் விடுதிக்குத் தாராபுரத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். அவள் பெயருக்கு எதிரே வாரம் ஒன்பது ஷிப்ட் எழுதும்போது ஒவ்வொரு முறையும் என் கை கொஞ்சம் தாமதிக்கிறது.

போன வாரம் மகள் போன் செய்து, பணம் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். மூவாயிரத்து ஐந்நூறு. வழக்கமாக அந்த இடத்தில், ஊருக்கே வந்துவிடுகிறாயா என்று கேட்பேன். இந்த முறை சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். நின்றுகொண்டே சாப்பிட்டதாகச் சொன்னாள். மீதி ஆயிரத்து ஐந்நூற்று நாற்பதை மறுநாள் மதியம் வங்கியில் கட்டிவிட்டு வந்தேன்.